காது நனையாமல் மிதப்பது எப்படி

1

போன வாரம் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. நெதர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் நகராட்சி அனுப்பியது. அங்கே பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த தபாலை, எட்டிப் பார்க்கப் போன என் மகன் கதிர் பிரித்து, படம் பிடித்து, கைப்பேசியில் அனுப்பியிருந்தான். நீச்சல் தெரியாத முதியவர்களுக்குக் கற்றுத்தரும் பணியில் ஓராண்டு காலம் பொறுமையோடும் அன்போடும் துணைநின்றதற்காக என்று அதில் எழுதியிருந்தது. மூலையில் ஒரு வாத்துப் படம்.

அந்த ஓராண்டில் என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்கூட மிதக்கவில்லை. மிதக்காததற்குக் காரணம் நான். கதிருக்கு இது தெரியும். படத்தின் கீழே அவன் எதுவும் எழுதவில்லை.

இதை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், என் மனைவியின் தம்பி செங்கோடன் தோட்டத்தில், மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக்கட்டில் போட்டு எழுதுகிறேன். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அந்த நாடு எப்படி, அங்கே மனிதர்கள் எப்படி என்று கேட்கிறீர்கள். ரயில் நேரத்துக்கு வரும், சாலையில் குப்பை இருக்காது என்று நானும் நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அங்கே நான் எப்படி என்று யாரும் கேட்டதில்லை. இந்த முறை கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

2

நான் புதுச்சத்திரத்துக்காரன். சேலத்தில் பொறியியல் படித்து, கரை கட்டும் படிப்புக்காக நெதர்லாந்து போனவன். அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் நாம் குழந்தைகளுக்குக் காது குத்துவதுபோல அவர்கள் நீச்சல் கற்றுத்தருகிறார்கள். தவறினால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. பரீட்சையில் சட்டை, கால்சட்டை, செருப்போடு நீந்திக் காட்ட வேண்டும். ஆற்றில் விழுகிறவன் உடுப்பு மாற்றிக்கொண்டா விழுவான் என்று கேட்கிறார்கள். சரியான கேள்விதான்.

எனக்கும் நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நான் கற்றது கிணற்று நீச்சல். அதற்கு நீளம் கிடையாது, ஆழம்தான் உண்டு. மேலிருந்து குதிக்க வேண்டும், அடிவரை போக வேண்டும், மேலே வர வேண்டும், நாலு கை போட்டுப் படியைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். மிதப்பது என்ற பேச்சே இல்லை. மிதந்துகொண்டிருந்தால் அடுத்தவன் தலைமேல் குதிப்பான்.

கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. அவருடைய முறை சுருக்கமானது. கிணற்றுமேட்டில் நிறுத்தி, தோளில் கை வைத்து, "பயமா இருக்குதா சாமி?" என்பார். "ஆமாங்க மாமா" என்போம். "செத்துப்போனா வந்து சொல்லு" என்று சொல்லித் தள்ளிவிடுவார். ஒரே ஒரு விதி சொல்லித்தந்தார். "தலை மேல, காலு கீழ. காது நனஞ்சா நீ போயிட்டேன்னு அர்த்தம்." கிணற்றுக்கு அது சரியான விதி. நேராக நிற்க வேண்டிய இடத்தில் காது நனைந்தால் ஆள் மூழ்குகிறான் என்றுதான் பொருள்.

இந்த விதியை நான் எழுபது வயதுக்கு மேல் நகராட்சி நீச்சல்குளத்துக்குக் கொண்டுபோனேன்.

3

என் மனைவி பாவாயிக்குத்தான் முதலில் ஆசை வந்தது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொறந்ததுல இருந்து கெணத்துப் படியிலயே கெடந்தவ நானு. துணி தொவச்சேன், கொடம் தூக்குனேன். ஆம்பளப் பசங்க எல்லாம் எந்தலைக்கு மேல குதிச்சானுங்க. ஒரு நாளாச்சும் தண்ணிக்குள்ள எறங்கி மல்லாக்கப் படுத்துப் பாக்கோணும் மாமா."

"இந்த வயசுலயா?" என்றேன்.

"பின்ன, செத்தப்பறமா? அப்ப எல்லாரும்தான் மெதப்பாங்க."

மகன்களோடு வந்து தங்கிவிட்ட அம்மாக்கள் சிலர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ராசிபுரம் மல்லிகா அவர்களில் வாய் நீளமானவள். அவளிடம் பாவாயி பேச, அவள் மற்றவர்களைச் சேர்க்க, ஆறு பெண்கள் தயாரானார்கள். நீச்சல் சொல்லித்தரும் அன்னெகே என்ற பெண்ணுக்கு எங்கள் மகளாக இருக்கும் வயது. அவளுக்கு ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மற்ற ஐவருக்கும் அந்த ஊர் மொழி தெரியாது. பாவாயிக்குக் கடைக்குப் போகும் அளவு தெரியும். ஆனால் அவளுக்குக் காது மந்தம். தண்ணீரில் இறங்கும்போது காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் இடி விழுந்தாலும் கேட்காது. என் உதட்டைப் பார்த்தால் மட்டும் புரிந்துகொள்வாள்.

ஆகவே கரையில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். நான் வருகிறேன் என்றேன்.

அங்கே சும்மா போய் நின்றுவிட முடியாது. நன்னடத்தைச் சான்று வேண்டும், நேர்காணல் வேண்டும். நேர்காணல் செய்த அம்மாள் மிகவும் கனிவானவர்.

"எங்கே நீச்சல் கற்றீர்கள்?"

"கிணற்றில்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தவறி விழுந்தீர்களா?"

"இல்லை. தள்ளிவிட்டார்."

"யார்?"

"என் அம்மாவின் தம்பி."

"ஒரு முறையா?"

"கோடை விடுமுறை முழுக்க."

"வேறு குழந்தைகளையும்?"

"ஊரில் எல்லாரையும்."

"காவல்துறைக்குத் தெரியுமா?"

"தெரியும். ஏட்டு தன் பையனையே கொண்டுவந்து விட்டார்."

அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அன்று ஜலதோஷம். ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்தேன். அதையும் குறித்துக்கொண்டார். தயாராகும்போது மாமாவை மன்னிக்கலாம், அவசரமில்லை என்றார். பிறகு வந்த அனுமதிக் கடிதத்தில், நீச்சல் அனுபவம் என்ற இடத்தில் 'உயிர் மீண்டவர்' என்று இருந்தது. அடையாள அட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

4

செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்பு. ஆறு பெண்களும் முழுக்கை, முழுக்கால் உடுப்பு போட்டு, தலையில் ரப்பர் தொப்பி மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். நான் கரையில் விசிலோடு நிற்பேன்.

முதல் வகுப்பிலேயே அன்னெகே சொன்னாள்: "மல்லாந்து படுங்கள். கூரையைப் பாருங்கள். காதுகள் இரண்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும்."

நான் மொழிபெயர்த்தேன்: "மல்லாக்கப் படுங்க. என்னைப் பாருங்க. காது மட்டும் நனையக் கூடாது."

அன்றைக்கு நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காதில் தண்ணீர் போனால் மூளைக்குப் போய்விடும் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாவாயிக்கோ ஏற்கெனவே காது சரியில்லை. இந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது, நாம் திருத்திச் சொல்வோம் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த உரிமை உண்டு என்றும் நினைத்தேன்.

ஆறு பேரும் கழுத்தை விறைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். ஆறு பேரும் உட்கார்ந்த வாக்கில் தண்ணீருக்குள் போனார்கள். நாற்காலியில் உட்காரப் போகும்போது யாரோ நாற்காலியை இழுத்துவிட்டதுபோல இருந்தது.

அன்னெகே ஒவ்வொருவராகத் தலைக்கு அடியில் கை கொடுத்துப் படுக்கவைத்தாள். கை இருக்கும்வரை மிதந்தார்கள். கையை எடுத்ததும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். தலை விருட்டென்று எழுந்தது. ஆள் உள்ளே போனாள்.

"மாஸ்டர், அந்தப் புள்ள காதை நனைக்கச் சொல்ற மாதிரி இருக்குதுங்களே?" என்று மல்லிகா ஒரு நாள் மூக்கில் தண்ணீரைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"அது அவங்க உடம்புக்கு. நம்ம உடம்பு வேற" என்றேன்.

மாஸ்டர் சொன்னால் சரி என்று அவள் மறுபடியும் மூழ்கினாள்.

மாதங்கள் போயின. வகுப்பில் கூடவே சேர்ந்த மற்ற நாட்டு முதியவர்கள் மிதந்து, நீந்தி, சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். எங்கள் ஆறு பேரும் மட்டும் அதே இடத்தில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அன்னெகே ஒழுங்கான பெண். தன் தவறோ என்று மேலே எழுதிக் கேட்டுவிட்டாள். அந்த நாட்டில் ஒன்றை எழுதிக் கேட்டுவிட்டால் அதற்கு ஒரு குழு வரும். வந்தது. உடற்பயிற்சி நிபுணர் ஒருவர் தராசும் நாடாவும் கொண்டுவந்து ஆறு பேரையும் நிறுத்தார், அளந்தார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ராகிக் களி என்றார்கள். அது என்ன என்று கேட்டதற்கு மல்லிகா மறுவாரம் ஓர் உருண்டை செய்து எடுத்துவந்தாள். நிபுணர் அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, அதைக் குளத்தில் போட்டுப் பார்த்தார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. நிபுணரும் அன்னெகேவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறிக்கை வந்தது. இந்தப் பெண்களுக்கு எலும்பு கனமாக இருக்கக்கூடும், சாதாரண நீரில் மிதப்பது இவர்களுக்குக் கடினம், சிறிய குளத்தில் உப்புக் கலந்து அடர்த்தியை ஏற்றிப் பார்க்கலாம் என்று பரிந்துரை. நான்தான் அதை அவர்களுக்குப் படித்துச் சொன்னேன். அந்த ஒரு முறை ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

"உப்புத் தண்ணிலயா?" என்றாள் மல்லிகா. "நம்மள ஊறுகா போடப் போறாங்க அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை.

அந்த உப்புக்குளத் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உண்மையைச் சொல்லிப் போன வாரம் அன்னெகேவுக்கு எழுதிவிட்டேன். நிதி ஒதுக்கியாகிவிட்டது, இனி நிறுத்த வேண்டுமானால் தனியாக ஒரு குழு கூட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

5

கதிர் வேறு ஊரில் இருக்கிறான். அவன் மனைவி அந்த நாட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பாதித் தமிழில் ஆரம்பித்து, பணம், வரி, உடம்பு என்று வரும்போது அந்த ஊர் மொழிக்குப் போய்விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் எலும்புக் கதையைப் பெருமையாகவே சொன்னேன்.

அவன் இரண்டு முறை திரும்பச் சொல்லக் கேட்டான். பிறகு, "காது எங்க இருக்கு அப்பா?" என்றான்.

"என்ன?"

"படுக்கும்போது. காது உள்ளயா, வெளியயா?"

"வெளியதான்."

"காது உள்ள இருக்கணும். ஃபர்ஸ்ட் லெசன். ஆறு வயசுல எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க." இதைத் தமிழிலேயே சொன்னான், நிதானமாக. "நீங்க வந்திருந்தா பாத்திருப்பீங்க. என்னோட பரீட்சைக்கு அம்மாதான் வந்தா. நான் சட்டையோட குதிச்சதும், புதுச் சட்டை நனையுதுன்னு அழுதா. டீச்சர் அம்மாவுக்குக் காபி குடுத்தாங்க."

"எனக்கு அன்னைக்கு வேலை" என்றேன்.

"ஆமா" என்றான். பிறகு வரியைப் பற்றிப் பேசினான்.

அன்று மாலை குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்த்தேன். காதை உள்ளே விட்டதும் கால் தானாக மேலே வந்தது. மூளைக்கு ஒன்றும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் நான் மன்னிக்க முடியாதவன் ஆகிறேன். அதற்கு முன்னால் செய்ததை அறியாமை என்று சொல்லலாம். மறு செவ்வாய்க்கிழமை நான் குளத்துக்குப் போனேன். அன்னெகே அதே வாக்கியத்தைச் சொன்னாள். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காதைத் தொட்டு, "நனையக் கூடாது" என்றேன்.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மாஸ்டர் என்ற பட்டம் ஒரு காரணம். முப்பது வருடம் அலுவலகத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்லாத ஊரில், ஆறு பெண்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டு, முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தார்கள். குழுவின் முன்னால் எப்படி நிற்பது என்ற வெட்கம் இன்னொரு காரணம். ஆனால் அடியில் கிடப்பது வேறு. கருவியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியதும் பாவாயி என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். என் உதடு அசைந்தால் அவள் முகம் மாறும். வீட்டில் அவள் அடுப்பைப் பார்ப்பாள், பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்ப்பாள், தொலைக்காட்சியைப் பார்ப்பாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்னைப் பார்த்தாள். காதை உள்ளே விட்டு மிதந்துவிட்டால் கூரையைத்தான் பார்ப்பாள்.

இதற்காக ஒரு மனிதன் தன் மனைவியை மாதக்கணக்கில் மூழ்கவிடுவானா என்று கேட்பீர்கள். விட்டேன்.

6

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வகுப்பில் பாவாயி கருவியைக் கழற்றவே இல்லை. உடுப்பு மாற்றாமல் வந்து அன்னெகேவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைப் பேச்சில் தெரிந்த சொற்களை வைத்து, "நன்றி. நான் கல். நீ நல்ல பெண்" என்றாள். அன்னெகே அழுதாள். வெளியே வந்து பாவாயி அந்த நீச்சல் உடுப்பை மல்லிகாவிடம் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா? நானும்தான் முழுகறேன்" என்றாள் மல்லிகா.

"நீ சின்னவ. உப்புத் தண்ணிலயாச்சும் மெதப்ப."

விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

7

செங்கோடன் ரிக் லாரி வைத்திருக்கிறான். ஊர் ஊராகப் போய் போர் போடுகிறவன். இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் எப்படி வற்றின என்று அவனைக் கேட்டால் வானத்தைக் காட்டுவான். அவன் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. எப்படி என்றால், ஆயிரம் அடிக்குக் கீழே போகும் போரிலிருந்து ஏற்றிய தண்ணீரைக் குழாய் வழியாகக் கிணற்றில் ஊற்றுகிறான். அதிலிருந்து இன்னொரு மோட்டார் வைத்து மறுபடி மேலே எடுத்துத் தென்னைக்கு விடுகிறான்.

"எதுக்கு மாப்ள ரெண்டு வேலை? நேரா விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"கெணறு காலியாக் கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும் மச்சா?" என்றான்.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தோம். செங்கோடன் மனைவி சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். கீழே குழாயிலிருந்து தண்ணீர் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது. செங்கோடன் அக்காவைச் சீண்ட ஆரம்பித்தான்.

"ஏக்கா, வருசம் பூரா அந்த ஊர்ல முழுகிட்டே இருந்தயாமா? எம்பட ரிக்குகூட இத்தன தடவ உள்ள போயி வந்திருக்காது."

"எனக்கு எலும்பு கனமாம் சாமி. அங்க அளந்து பாத்து எழுதியே குடுத்துட்டாங்க" என்றாள் பாவாயி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நம்ம அம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதான் ஆயுசுக்கும் படிய விட்டு எறங்கவே இல்ல" என்றாள்.

அவள் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. என் பொய் அங்கே போய், அந்த மனுசிக்கும் கனமான எலும்பைக் கொடுத்துவிட்டது. சுண்டல் தட்டைக் கீழே வைத்தேன்.

"பாவாயி, காதை உள்ள வைக்கோணும்" என்றேன்.

"என்னங்க?"

"மல்லாக்கப் படுக்கறப்ப ரெண்டு காதும் தண்ணிக்குள்ள இருக்கோணும். அன்னெகே அதைத்தான் சொன்னா."

"எப்பச் சொன்னா?"

"முதல் நாளே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காது நனையக் கூடாதுன்னு."

"அப்பறம்?"

"அப்பறமும் அதையேதான். தப்புன்னு தெரிஞ்ச பின்னாலயும்."

செங்கோடன் வாயில் போட்ட சுண்டலை மெல்லாமல் நிறுத்தினான்.

"எலும்பு?" என்றாள்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல."

பாவாயி முந்தானையால் கையைத் துடைத்தாள். "செங்கோடா, கயிறு இருக்குதா?"

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டான். "எதுக்குக்கா? மச்சான் வயசுல பெரியவரு. என்ன இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"எம்பட இடுப்புல கட்டறதுக்குடா."

தம்பி மனைவியின் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். செங்கோடன் லாரிக் கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே தண்ணீரில் இறங்கி நின்றான். பாவாயி காதுக்கருவி இரண்டையும் கழற்றினாள். நான் கை நீட்டினேன். அவள் அதைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள்.

"பாத்து நங்கையா, பாசி வழுக்கும்" என்று நாத்தனாரிடம் சொன்னாள் அவள். பாவாயிக்குக் கேட்கவில்லை.

கடைசிப் படிவரை இறங்கினாள். செங்கோடன் தலைக்கு அடியில் கை கொடுத்தான். அவள் ஒரு முறையும் என் பக்கம் திரும்பவில்லை. வானத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்தாள். முதலில் பழக்கத்தில் கழுத்து விறைத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஒரு காது போயிற்று. மற்றதும் போயிற்று. நரைத்த முடி தண்ணீரில் விரிந்தது. இடுப்பு ஏறியது, முட்டி ஏறியது, மெட்டி போட்ட கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே வந்தன. செங்கோடன் கையை எடுத்தான். அவள் அப்படியே கிடந்தாள்.

எனக்கு வாய் நிற்கவில்லை. மேட்டிலிருந்து குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் தெரியாமல் செய்தேன் என்றேன். மாமா சொல்லித்தந்த விதி என்றேன். மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள் என்றேன். நீ என்னைப் பார்க்கிறாய் என்பதற்காக என்றேன். கிணறு ஒவ்வொன்றையும் வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர் வேலியோரம் வந்து நின்றார்.

செங்கோடன் கீழே இருந்து தலையைத் தூக்கினான். "மச்சா, அக்காளுக்குக் கேக்காதுங்க. எங்களுக்குத்தான் கேக்குது. போதுமுங்க."

நிறுத்தினேன்.

அவளாக எழுந்து படிக்கு வந்தபோது வெயில் தென்னை உச்சிக்குப் போயிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கருவிகளை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாகக் கைப்பேசியை வாங்கி மல்லிகாவைக் கூப்பிட்டாள்.

"காத உள்ள வைடி... ஆமா, ரெண்டும்... மெதந்தேன்டி, சத்தியமா மெதந்தேன்... எல்லாருக்கும் சொல்லிரு... யாரு, மாஸ்டரா? இங்கதான் உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகா பேசியது எனக்கே கேட்டது. அதில் முறுக்கைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது.

போனை வைத்துவிட்டு எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். முடியைப் பிழிந்தாள். கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"ஏனுங்க" என்றாள். "அந்த ஊருக்குப் போன நாள்ல இருந்து டாக்டரு, ஸ்கூலு, பக்கத்து ஊடு, எல்லார் சொன்னதையும் நீங்கதான எனக்குச் சொன்னீங்க?"

"ஆமா."

"வேற எதெல்லாம் மாத்திச் சொன்னீங்க?"

செங்கோடன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நைசாக நகரப் பார்த்தான். "இரு சாமி, நீயும் கேளு" என்று அவனை உட்காரவைத்தாள்.

நான் யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நாம போன புதுசுல, பக்கத்து வீட்டுக் கோரியம்மா வந்து கதவைத் தட்டுனாங்க இல்ல?"

"தாளிக்கற வாசம் தாங்கலைன்னு சண்டைக்கு வந்தாங்க. அன்னையில இருந்து ஜன்னல சாத்திக்கிட்டுத்தான சமைக்கறேன்."

"சண்டைக்கு வரல. வாசம் நல்லாருக்குது, எப்படிச் செய்யறதுன்னு கேட்டாங்க. உங்கிட்ட நேராக் கேட்டுக் கத்துக்கலாமான்னாங்க. நான்தான் வெக்கப்பட்டு…"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். பாவாயி என் முகத்தையே பார்த்தாள். நீச்சல்குளத்தில் பார்த்ததுபோல் இல்லை.

"நாப்பது வருசமா?" என்றாள்.

"ஆமா."

"அந்தம்மா இன்னும் அந்த ஊட்லதான இருக்குது?"

"இருக்காங்க."

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியில் வைத்தாள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தம்பி கையில் வைத்தாள். கயிற்றை எடுத்துத் தானே இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"மோட்டார நிறுத்தாத, தண்ணி இன்னும் ஏறட்டும்" என்று தம்பியிடம் சொன்னாள். எழுந்து, ஈரத் துணியோடு படி இறங்கப் போனவள், திரும்பாமலே என்னிடம் சொன்னாள்:

"அடுத்தத யோசிச்சு வையுங்க. கொஞ்ச நேரம் மெதந்துட்டு வாரேன்."